பங்காளியும் பார்ட்னரும்

‘பங்காளி’ என்ற சொல்லைக் கொஞ்சம் நின்று கேட்டால் அதற்குள் ஒரு சொத்து வழக்கு இருப்பது தெரியும். அண்ணன், தம்பி, பெரியப்பா பையன், சித்தப்பா பையன் எல்லோரும் பங்காளிகள். சொத்தில் பங்கு உள்ளவன் பங்காளி, அவ்வளவுதான். உறவுக்கே பேர் அங்கிருந்துதான் வந்திருக்கிறது. பெண் கொடுத்து எடுக்கிற பக்கம் மாமன் மச்சான். சரி, இந்தக் கணக்கில் கூடப் பிறந்த அக்கா எங்கே வருகிறாள்? அவள் பங்காளியும் இல்லை, மச்சானும் இல்லை. நமக்கு மச்சானைக் கொண்டு வருகிறவள்.

அவளுடைய பங்கு எப்போது சட்டத்துக்குள் வந்தது, பனியன் கம்பெனிகளின் ஊரில் அது எந்த வழியாக வெளியே போனது என்பதுதான் இந்தக் கட்டுரை.

கிணறும் மெஷினும்

காங்கேயம், பல்லடம், அவிநாசிப் பக்கத்துப் பழைய பத்திரம் ஒன்றை எடுத்துப் படித்துப் பாருங்கள். பூமியின் நான்கு எல்லை முடிந்ததும் கிணறு வரும். கிணற்றில் இத்தனை பாகம், தண்ணீர் இறைத்துக்கொள்ள இத்தனை நாள் முறை, மாமூல் வண்டித்தடப் பாத்தியம். மழை குறைந்த நாடு. ஆழக் கிணறு வெட்டி, கவலை பூட்டி இறைத்தால்தான் வெள்ளாமை. ஒரு ஆள் வெட்டி முடிக்க முடியாது. அண்ணன் தம்பிகள் சேர்ந்து வெட்டினார்கள். பாகம் பிரிந்த பிறகும் கிணறு மட்டும் பொதுவில் நின்றது. பங்கு என்றால் பக்கத்தில் இருந்து முறை வைத்து இறைப்பது. கட்டிக்கொடுத்த பெண் வேறு ஊரில் இருக்கிறாள், அவளுக்கு எதற்கு நாள் முறை என்பது அன்றைக்கு இயல்பான கேள்வியாக இருந்திருக்கும்.

திருப்பூரில் பின்னலாடை மெஷின்கள் 1920களிலிருந்தே ஓடுகின்றன. ஆனால் பக்கத்துக் கிராமங்களின் விவசாயக் குடும்பத்துப் பையன்கள் முதலில் தொழிலாளியாக வந்து, பிறகு கூட்டுச் சேர்ந்து முதலாளியானது பெரும்பாலும் இந்தியா சுதந்திரம் அடைந்த பிறகு நடந்த கதை. இதை ஆராய்ந்த ஷரத் சாரி 2004இல் வெளிவந்த தன் புத்தகத்துக்கு ‘ஃப்ராடெர்னல் கேபிடல்’ என்று பெயர் வைத்தார். சகோதர மூலதனம். அவர் பேட்டி எடுத்த முதலாளிகள் தங்கள் வளர்ச்சிக்குக் காரணமாகத் திரும்பத் திரும்பச் சொன்னது தங்கள் சொந்த உழைப்பை. நாலு பேர் சேர்ந்து ரெண்டு மெஷின், ஒருத்தர் கட்டிங், ஒருத்தர் வசூல். கிணற்றில் முறை வைத்த அதே கணக்குதான் எனக்குத் தெரிகிறது. பங்காளி மெதுவாகப் பார்ட்னர் ஆனார்.

ஆனால் சட்டத்தின் கண்ணுக்குக் கிணறும் மெஷினும் ஒன்றில்லை.

இந்தப் பகுதியில் சிவில் பிராக்டீஸ் செய்யும் ஒரு வக்கீலின் மேஜையில் இரண்டு வகைக் கட்டுகள் இருக்கும். ஒன்று வியாபாரம்: நூல் வாங்கிய பாக்கி, திரும்பி வந்த செக், பிரிந்துபோன பார்ட்னர்களின் கணக்கு. இன்னொன்று பாகப்பிரிவினை. சில வருஷம் போனால் இரண்டு கட்டிலும் ஒரே குடும்பத்தின் பேர் இருக்கும் என்றார் எனக்குத் தெரிந்த ஒரு சீனியர். எந்தக் கேஸில் யார் ஜெயிப்பார்கள் என்று எப்படிக் கணிக்கிறீர்கள் என்று கேட்டேன். “ஏனுங்க தம்பி, மொதல் மெஷின் எந்தக் காசுல வந்துச்சுன்னு மட்டும் சொல்லுங்க. மீதிக் கேஸை நான் சொல்றனுங்க” என்றார்.

தோட்டத்தை அடமானம் வைத்து வந்த காசா, சம்பளத்தில் மிச்சம் பிடித்ததா, மாமனார் கொடுத்ததா? அந்த ஒரு பதிலில்தான் அது பூர்வீகமா சுயார்ஜிதமா என்பது தொங்குகிறது. இந்தக் கேள்வியை இந்தியக் கோர்ட்டுகள் 150 வருஷமாகக் கேட்டுக்கொண்டிருக்கின்றன. ஆரம்பத்திலேயே மாட்டியவர்களில் ஒருவர் ஒரு வக்கீல்.

வக்கீல் ஃபீஸ் யாருடையது?

1872இல் மதராஸ் ஹைகோர்ட்டுக்கு ஒரு வழக்கு வந்தது. கூட்டுக் குடும்பத்துக்காரர் ஒருவர் வக்கீலாகிச் சம்பாதிக்கிறார். அந்தச் சம்பாத்தியம் அவருடையதா, குடும்பத்துடையதா? எழுதப் படிக்கக் கற்றுக்கொடுத்ததைக் கணக்கில் எடுக்க வேண்டாம். ஆனால் தொழிலுக்கான தனிப் படிப்பைக் குடும்பச் செலவில் படித்திருந்தால், அதிலிருந்து வரும் வருமானமும் பொதுச் சொத்து. அன்றைய சட்டப் போக்கு இதுதான்.

எழுதும் நான் கோடு எழுதிப் பிழைப்பவன். தோட்டத்து வருமானத்தில் இன்ஜினியரிங் படித்த தலைமுறை எங்களுடையது. அந்தச் சட்டம் இன்றும் இருந்திருந்தால், மாசம் 30ஆம் தேதி என் அக்கவுண்ட்டுக்கு வரும் சம்பளத்தில் ஊரில் இருக்கும் பங்காளி பாகம் கேட்கலாம். கேட்கச் சிரிப்பாக இருக்கிறது. அன்றைக்கு யாரும் சிரிக்கவில்லை.

வி. பாஷ்யம் ஐயங்கார் மதராஸின் பெரிய வக்கீல். அட்வகேட் ஜெனரல் பொறுப்பை வகித்தவர், பிறகு ஹைகோர்ட் நீதிபதியானவர். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் மதராஸ் சட்டசபைக்கு அவர் ஒரு மசோதா கொண்டுவந்தார். படிப்பால் வந்த சம்பாத்தியம் படித்தவனுக்கே என்பது அதன் சாரம். கூட்டுக் குடும்பமே உடைந்துவிடும் என்று பெரிய எதிர்ப்பு. சபையில் நிறைவேறியும் கவர்னர் ஒப்புதல் தரவில்லை. மசோதா செத்தது.

1921இல் பிரிவி கவுன்சில் ஒரு ஐ.சி.எஸ். அதிகாரியின் வருமானத்தைப் பற்றித் தீர்ப்பு சொன்னது. குடும்பப் பணத்தில் படித்து ஐ.சி.எஸ். ஆனவர் என்பதால் அவர் சம்பாத்தியமும் குடும்பச் சொத்து. படித்த வர்க்கம் ஆடிப்போனது. ஒன்பதே வருஷத்தில், எம்.ஆர். ஜெயகர் கொண்டுவந்த மசோதா 1930இல் ‘இந்து கெய்ன்ஸ் ஆஃப் லேர்னிங்’ சட்டமானது. யார் காசில் படித்திருந்தாலும் சரி, படிப்பால் சம்பாதித்தது சம்பாதித்தவனுக்கே.

நியாயமான சட்டம்தான். நான் அதன் பயனாளி. ஆனால் ஒன்றைக் குறித்துக்கொள்ளுங்கள்: பொதுப் பானையிலிருந்து சம்பளம் வெளியே போன வருஷம் 1930. அந்தப் பானையில் மகளுக்குக் கை வைக்க அதற்குப் பிறகும் பல பத்தாண்டுகள் அனுமதி இல்லை.

சுயார்ஜிதம் காப்பாற்றிய மகள்கள்

வேடிக்கை என்னவென்றால், சுயார்ஜிதம் என்ற அதே வார்த்தைதான் சில மகள்களுக்குச் சொத்து வாங்கிக் கொடுத்திருக்கிறது.

சிவகங்கை ஜமீன்தார் கவுரி வல்லப தேவர் 1829இல் ஆண் வாரிசு இல்லாமல் இறந்தார். ஜமீன் அண்ணன் மகன்கள் பக்கம் போனது. அவருடைய மனைவியும், பிறகு மகள் காத்தம நாச்சியாரும் வழக்கு நடத்தினார்கள். 30 வருஷத்துக்கு மேல். 1863இல் லண்டனில் பிரிவி கவுன்சில் தீர்ப்பு சொன்னது: கும்பினி அவருக்குத் தனியாகக் கொடுத்த ஜமீன் அது, ஆகவே சுயார்ஜிதம், சுயார்ஜிதம் என்றால் பங்காளிக்குப் போகாது, மனைவிக்கும் அவருக்குப் பின் மகளுக்கும் போகும்.

2022 ஜனவரி 20 அன்று சுப்ரீம் கோர்ட் இதே மாதிரியான ஒரு தமிழ்நாட்டு வழக்கில் தீர்ப்பளித்தது. அருணாசலக் கவுண்டர் எதிர் பொன்னுசாமி. 1938இல் கோர்ட் ஏலத்தில் ஒருவர் பூமி வாங்குகிறார். அவருக்கு ஒரே மகள். அவர் 1949இல், அதாவது மகளுக்குச் சம உரிமை தந்த 1956 சட்டத்துக்கு முன்பே, உயில் எழுதாமல் இறந்துவிட்டார் என்பது கோர்ட்டின் முடிவு. பூமி மகளுக்கா, தம்பி மகனுக்கா? பழைய சட்டப்படி தம்பி மகனுக்கு என்று சொல்லி 1994இல் விசாரணை கோர்ட்டும் 2009இல் ஹைகோர்ட்டும் வழக்கைத் தள்ளின. சுப்ரீம் கோர்ட் காத்தம நாச்சியார் தீர்ப்பு வரை பின்னால் போய், ஏலத்தில் எடுத்தது சுயார்ஜிதம், பழைய சாஸ்திரப்படியும் அது மகளுக்குத்தான் என்றது. வழக்குப் போட்டது 1991இல். கீழ்க் கோர்ட்டிலிருந்து டெல்லி போய் முடிய 31 வருஷம். அந்த மகள் 1967லேயே இறந்துபோயிருந்தார்.

இந்த இரண்டு வழக்கிலும் தகப்பன் எதையும் எழுதி வைக்கவில்லை, அல்லது எழுதி வைத்ததாகக் கோர்ட் ஏற்கவில்லை. எழுத்து இல்லாத இடத்தில்தான் சட்டம் மகளைத் தேடி வந்தது. இதை மனதில் வைத்துக்கொண்டு திருப்பூருக்குத் திரும்பலாம்.

உள்ளே வந்த வருஷம்

1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் நடந்த சுயமரியாதை மாநாடு பெண்ணுக்குச் சமமான சொத்துரிமை வேண்டும் என்று தீர்மானம் போட்டது. 1956 இந்து வாரிசுரிமைச் சட்டம் பாதி தூரம் வந்தது: தகப்பன் உயில் எழுதாமல் இறந்தால் அவருடைய சொத்தில் மகனுக்குச் சமமாக மகளுக்கும் பங்கு. ஆனால் பூர்வீகச் சொத்தில் பிறப்பாலேயே வரும் பங்கு மகனுக்கு மட்டும்தான். மகளுக்குத் தகப்பனின் பாகத்துக்குள் ஒரு பாகம். ஒரு தகப்பன், ஒரு மகன், ஒரு மகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். மகனுக்குப் பிறந்ததும் பாதி. தகப்பன் இறந்ததும் அவருடைய மீதிப் பாதியில் பாதி. ஆக முக்கால். மகளுக்குக் கால்.

தமிழ்நாடு 1989இல் இதை மாற்றியது. 1989 மார்ச் 25 முதல் மகளும் பிறப்பாலேயே பங்குக்காரி. சட்டப்படி அவளும் பங்காளி. ஆனால் அந்தத் தேதிக்கு முன் கல்யாணம் ஆனவர்களுக்கு இல்லை. ஒரே வீட்டில் 1987இல் கட்டிக்கொடுத்த அக்காவுக்குக் கிடையாது, 1991இல் கட்டிக்கொடுத்த தங்கச்சிக்கு உண்டு. 2005 செப்டம்பர் 9இல் அமலான மத்தியச் சட்டம் அந்தக் கோட்டை அழித்தது. பதிவு செய்த பத்திரத்தாலோ கோர்ட் டிகிரியாலோ 2004 டிசம்பர் 20க்கு முன்பே நடந்து முடிந்த பாகப்பிரிவினையை மட்டும் தொடவில்லை. தகப்பன் 2005இல் உயிரோடு இருந்திருக்க வேண்டுமா என்று 15 வருஷம் குழப்பம். 2020 ஆகஸ்ட் 11இல் வினீதா சர்மா வழக்கில் சுப்ரீம் கோர்ட், வேண்டியதில்லை, பங்கு பிறப்பால் வருகிறது என்று முடித்தது.

சட்டப் புத்தகத்தை மட்டும் படித்தால் நல்ல முடிவுள்ள கதை. பக்கத்திலேயே திருப்பூரின் காலக்கோட்டை வைத்துப் பாருங்கள். 1978இல் இத்தாலியிலிருந்து வெரோனா என்ற இறக்குமதியாளர் வந்து வெள்ளை டி-ஷர்ட்டுக்கு ஆர்டர் கொடுத்ததைத்தான் ஏற்றுமதியின் தொடக்கமாக ஊரில் சொல்வார்கள். 1980களில் ஐரோப்பியக் கடைகள் வருகின்றன. 1990இல் ஏற்றுமதியாளர் சங்கம் உருவாகிறது. அதன் பிறகு பிடித்த வேகம் இன்று ஆண்டுக்கு 30,000 கோடி ரூபாயைத் தாண்டிய வியாபாரம்.

மகள் பானைக்குள் வந்த அதே வருஷங்களில்தான் பானையிலிருந்த மதிப்பு தோட்டத்திலிருந்து கம்பெனிக்கு மாறிக்கொண்டிருந்தது. யாரும் மகளை ஏமாற்றத் திட்டம் போட்டு மாற்றியதில்லை. கிணறு வற்றியது, பனியன் ஓடியது, காசு அங்கே போனது. ஆனால் விளைவு ஒன்றுதான்.

கம்பெனிக்கு அந்த அனுமானம் இல்லை

நுட்பமான இடம் இது, கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம். குடும்பத்துக்குப் பொதுவில் வருமானம் தரும் பூர்வீகச் சொத்து இருந்தது, அதிலிருந்து இன்னொரு பூமி வாங்கியிருக்க முடியும் என்று காட்டிவிட்டால், ‘இல்லை, இது என் சொந்தக் காசு’ என்று நிரூபிக்கும் சுமை பேர் வைத்திருப்பவர் தலையில் விழும். 1954இல் சுப்ரீம் கோர்ட் உறுதிப்படுத்திய விதி. பூமியைப் பொறுத்தவரை மகளுக்கு இது பெரிய பலம். சிட்டா இருக்கிறது, வில்லங்கச் சான்று இருக்கிறது, சர்வே நம்பர் எங்கேயும் ஓடிவிடாது.

வியாபாரத்துக்கு அந்தச் சலுகை இல்லை. குடும்பத்தில் ஒருவர் பேரில் நடக்கும் வியாபாரம் குடும்ப வியாபாரம்தான் என்று அனுமானிக்க முடியாது என 1968இல் ஜி. நாராயண ராஜு வழக்கில் சுப்ரீம் கோர்ட் சொன்னது. சொல்கிறவர்தான் நிரூபிக்க வேண்டும். எதை வைத்து? 1983இல் தோட்டத்துப் பருத்தி விற்ற காசில் வந்த மெஷினுக்குப் பில் எங்கே? அப்பா கையால் எழுதிய கணக்கு நோட்டு எந்த அட்டாலியில்? அப்படியே இருந்தாலும் அண்ணன் வீட்டில்தானே இருக்கும்?

இதன் மேல் கூட்டுவியாபாரச் சட்டம். திருப்பூர் குமரன் இறந்த அதே 1932இல் வந்தது. பார்ட்னர் இறந்தால், பத்திரத்தில் வேறு மாதிரி எழுதியிருந்தால் ஒழிய, கூட்டு கலைந்ததாகக் கணக்கு. பெரும்பாலும் வேறு மாதிரிதான் எழுதியிருக்கும்: மீதிப் பேர் தொடர்ந்து நடத்தலாம், மகனைச் சேர்த்துக்கொள்ளலாம். இறந்தவரின் வாரிசுகள் பார்ட்னர் ஆவதில்லை. கணக்குத் தீர்த்து வாங்க உரிமை உள்ளவர்கள் மட்டுமே. கணக்குத் தீர்க்காமல் கம்பெனி ஓடினால், அந்தப் பங்கு ஈட்டிய லாபம் அல்லது 6 சதவீத வட்டி, இரண்டில் ஒன்று கேட்கலாம். லாபம் கேட்டால் எவ்வளவு என்று நிரூபிக்கக் கணக்குப் புத்தகம் வேண்டும். 6 சதவீதம் என்றால் பேங்க் டெபாசிட் மாதிரி. எந்தச் சொத்தைக் கேட்கிறோம் என்பதைப் பொறுத்து ஒரே மகளுக்கு இரண்டு தகுதி: தோட்டத்தில் பங்காளி, கம்பெனியில் கடன்காரி மாதிரி வாசலில் நிற்கிற ஆள்.

எல்லாவற்றுக்கும் மேலே உயிலும் செட்டில்மெண்டும். சுயார்ஜிதம் என்று ஆகிவிட்டால் தகப்பன் யாருக்கு வேண்டுமானாலும் எழுதலாம். சிவகங்கையில் மகளைக் காப்பாற்றிய வார்த்தை இங்கே ஒரு கையெழுத்தில் அவளை வெளியே வைக்கிறது.

ஒரு கையெழுத்து

கோர்ட்டுக்கு வருவது சிலர்தான். மற்றதெல்லாம் சப்-ரிஜிஸ்ட்ரார் ஆபீஸில் முடிகிறது. விடுதலைப் பத்திரம். ‘எனக்குள்ள பாத்தியதையை மேற்படி சகோதரருக்கு விட்டுக்கொடுத்து’ என்கிற தோரணையில் இரண்டு பக்கம். குடும்பத்துக்குள் எழுதினால் முத்திரைத் தீர்வைக்கு உச்சவரம்பும் உண்டு. காரில் கூட்டிப்போய், வழியில் டிபன் வாங்கிக் கொடுத்து, “அக்கா, இங்கெ ஒரு கையெழுத்து, பேங்க்ல லோனுக்குக் கேக்கறாங்க” என்று முடித்துவிடுகிற காட்சி கொங்குப் பக்கம் யாருக்கும் அந்நியமில்லை.

அக்காவும் எப்போதும் ஏமாந்து போடுவதில்லை. தெரிந்தேதான் போடுகிறார்கள். பிறந்த வீட்டு வாசல் திறந்திருக்க வேண்டும். தன் மகளுக்குச் சடங்கு வைத்தால் தாய்மாமன் சீரோடு வந்து நிற்க வேண்டும். பங்கு கேட்டு நோட்டீஸ் அனுப்பிய மறுநாள் அந்த வாசல் சாத்திவிடும் என்பது அவளுக்குத் தெரியும். சட்டம் பங்கைத்தான் சமமாக்கியது, பங்கு கேட்பதன் விலையை இல்லை. தம்பி பங்கு கேட்டால் பாகப்பிரிவினை. அக்கா கேட்டால் குடும்பத்தை உடைத்தவள்.

அண்ணன் தரப்பையும் சொல்லாமல் விட்டால் கட்டுரை ஒருதலையாகிவிடும். ‘போட்ட நகை, கொடுத்த சீர் எல்லாம் கணக்கில்லையா?’ என்பது முதல் கேள்வி. சட்டத்தில் சீர் பங்குக்கு ஈடாகாது. ஆனால் அந்தச் செலவு கடனாகக் குடும்பத்தின் மேல் விழுந்தது உண்மை. இரண்டாவது கேள்வி இன்னும் கனமானது: கம்பெனி என்றால் பெரும்பாதி பேங்க் கடன்தானே? 2011 ஜனவரியில் நொய்யல் மாசு வழக்கில் ஹைகோர்ட் உத்தரவால் 700க்கும் மேற்பட்ட சாயப்பட்டறைகள் மூடப்பட்டபோது, முந்தின வாரம் வரை சொத்தாக இருந்தது அடுத்த வாரம் தவணையாக மட்டும் மிஞ்சியது. கூட்டுக் கலையும்போது வெளிக் கடனை அடைத்த பிறகுதான் பங்கு என்று சட்டமே சொல்கிறது. வீட்டை அடகு வைத்துத் தூங்காமல் கிடந்தது நான், ஷிப்மெண்ட் போனதும் பங்குக்கு மட்டும் அக்காவா என்று ஒரு அண்ணன் கேட்டால் அதில் பொய் இல்லை.

ஆனால் அவர் ஜாமீனாக வைத்தது எதை? பெரும்பாலும் தோட்டத்தை. அந்தத் தோட்டத்தில் 1989க்குப் பிறகு அக்காவுக்கும் பங்கு இருந்தது. அவளுடைய பங்கும் ரிஸ்க் எடுத்திருக்கிறது, அவளைக் கேட்காமலே. ஸ்டார்ட்அப் மொழியில் சொன்னால், அவள் ஆரம்பத்திலேயே முதலீடு செய்தவள். அவள் பேர் மட்டும் எந்தப் பத்திரத்திலும் ஏறவில்லை.

வழக்காகப் போட்டால் என்ன ஆகும்? பூர்வீகச் சொத்தைச் சகோதரர்களோடு கூட்டாக அனுபவித்து வருவதாகச் சொன்னால் நிலையான சிறு கோர்ட் ஃபீஸ். அனுபவத்திலிருந்து வெளியேற்றிவிட்டார்கள் என்று சொன்னால் தன் பங்கின் மதிப்புக்கு ஏற்ப ஃபீஸ். அதனால் 20 வருஷமாக அந்த வாசல் மிதிக்காதவளும் ‘கூட்டு அனுபவத்தில் இருக்கிறேன்’ என்றுதான் பிராதை ஆரம்பிக்கிறாள். அவளைச் சேர்த்துக்கொள்ளாத குடும்பத்தில் அவள் சேர்ந்திருப்பதாக முதல் பாராவிலேயே எழுத வேண்டியிருக்கிறது. பிறகு முதல்நிலைத் தீர்ப்பாணை, கமிஷனர் வந்து அளப்பது, இறுதித் தீர்ப்பாணை, நடுவில் அப்பீல். அருணாசலக் கவுண்டர் வழக்கு 31 வருஷம் ஆனது ஏன் என்று இப்போது புரியும்.

ஆக, வரிசை இப்படி இருக்கிறது. படித்தவர்கள் தங்கள் சம்பளத்தை 1930இல் பானையிலிருந்து எடுத்துக்கொண்டார்கள். வியாபாரத்துக்கு அனுமானம் கிடையாது என்பது 1968. மகளைப் பானைக்குள் விட்டது 1989, முழுதாக விட்டது 2005. ஒவ்வொன்றையும் தனித்தனியாக எடுத்தால் ஒவ்வொன்றும் நியாயமே. வரிசையாக வைத்துப் பார்க்கும்போதுதான் யார் யாருக்காகச் சட்டம் எவ்வளவு வேகமாக ஓடியது என்பது தெரிகிறது.

இன்று திருப்பூரில் கம்பெனிகள் அடுத்த தலைமுறை கைக்குப் போய்க்கொண்டிருக்கின்றன. மெர்ச்சண்டைசிங் பார்க்கிற மகள்களும் அக்கவுண்ட்ஸ் பார்க்கிற மருமகள்களும் ஆபீஸில் இருக்கிறார்கள். மகள்களின் பேர் வாரிசுச் சான்றிதழில் தானாக வந்துவிடும். பார்ட்னர்ஷிப் பத்திரத்தில் தானாக வராது. யாராவது எழுத வேண்டும். அப்பா நன்றாக இருக்கும்போதே, கம்பெனி ஓடும்போதே, கடனையும் லாபத்தையும் சேர்த்தே எழுத வேண்டும். அந்தப் பேச்சைச் சாப்பாட்டு மேஜையில் எடுக்கத் தைரியம் இல்லாத குடும்பங்களுக்காகத்தான் சீனியரின் மேஜையில் இரண்டு கட்டுகள் காத்திருக்கின்றன.